ஆறு தடவை ஓடினேன் என்று சொன்னேனே, அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன் மகள் ஆன்சி பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அத்தான் சமைக்கக் கற்றுக்கொண்டார், உப்புதான் இன்னும் கைக்கு வரவில்லை. இதையெல்லாம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

அம்மாவைச் சர்க்கரை நோய் கொண்டுபோன பிறகு நாம் இருவரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். இருவருக்குமே சர்க்கரை எல்லையில் நின்றது. நீ ஆஸ்பத்திரி வார்டில் நாளெல்லாம் நடக்கிற நர்ஸ். நான் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை சுமக்கிறவள். நமக்கா என்று நான் நம்பவே இல்லை. நீ டாக்டரைக் கேட்டுவிட்டு மறுவாரமே கடற்கரைச் சாலையில் ஓட ஆரம்பித்தாய். ஒரு நிமிடம் மூச்சு முட்ட ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்படி ஆறு தடவை.

“நாள் பூரா மீன் கூடை தூக்குதேன். எனக்கு எதுக்குக்கா ஓட்டம்?” என்றேன்.

“அந்த வேலைக்கு ஒடம்பு பழகிப்போச்சுளா. இப்படி வேகமா ஓடி, கொஞ்சம் ஆத்தி, திரும்ப ஓடுனா, சதை ரத்தத்துல கெடக்குற சக்கரைய நல்லா இழுத்துக்கிடும். ஒரு மாசம் வந்து பாரேன்.”

நான் வரவில்லை. ஆறு மாதத்தில் உன் சர்க்கரை இறங்கியது, என்னுடையது ஏறியது. அந்த வருடமே உனக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள்.

“ஓடி ஓடி என்னத்தக் கண்டா?” என்று தெருவில் ஒருத்தி என் காதுபடக் கேட்டாள். அவளோடு சண்டை போட்டேன். உள்ளுக்குள் நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கட்டிலில் கிடந்தபோதும் நீ விடவில்லை.

“இன்னைக்கு ஓடுனியாளா?”

“ஓடுனேன்க்கா.”

“எத்தன தடவ?”

“ஆறு.”

உன் முகம் அப்படியே தெளிந்துவிடும். அக்கா, நான் ஒரு நாள்கூட ஓடவில்லை. எத்தனை நோயாளிகளின் பொய்யைப் பார்த்தவள் நீ, உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் சிரித்தாயா?

உன் முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள் காலையில் கடற்கரைச் சாலைக்குப் போனேன். முதல் நிமிடம் முடியுமுன்பே குனிந்து நின்று அழுதுவிட்டேன். உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், “என்னளா, நெஞ்சு வலிக்கா?” என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் போன பிறகு இன்னொரு தடவை ஓடினேன். அன்று அவ்வளவுதான் முடிந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள், ஆறு தடவையும் ஓடுகிறேன். போன வாரம் பார்த்ததில் சர்க்கரை இறங்கியிருக்கிறது. டாக்டருக்குச் சந்தோஷம். நான் அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றேன். யாரிடம் காட்டுவது?

இனி ஒவ்வொரு சீட்டையும் உன் கல்லறைக்கே கொண்டுவருகிறேன். இறங்கியிருந்தாலும் ஏறியிருந்தாலும் உள்ளதை உள்ளபடி வாசித்துச் சொல்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ரோசி