லிஃப்டுக்கு நடந்த ஓட்டெடுப்பு

பெருங்களத்தூர்,
ஞாயிறு மதியம்

என் மகன் அன்புக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருவரும் மூச்சோடு இருக்கிறோம், நீயும் ஏஞ்சலும் குழந்தையும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். வாராவாரம் வீடியோவில் பேசுகிறவள் எதற்கு இவ்வளவு நீளமாக மெயில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவர் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது.

நம் லிஃப்ட் நின்றுபோனது உனக்குத் தெரியும். பழைய மாடல், பார்ட்ஸ் கிடைக்காது, புதிதாகத்தான் போடவேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டுப் போனவன்தான். பக்கவாதம் வந்த காலை வைத்துக்கொண்டு அப்பா நாலாவது மாடியிலிருந்து எப்படி இறங்குவார்? போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக அவரை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள், மாடிக்கு மாடி கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள். திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தவர், "இனிமே என்ன ஒரேடியா எறக்குங்க, போதும்" என்றார். அன்றிலிருந்து சர்ச்சும் இல்லை, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் சிநேகிதர்களோடு டீயும் இல்லை. பால்கனியில் உட்கார்ந்து ஜிஎஸ்டி ரோட்டில் என்ன பஸ் போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் ம் கொட்டுகிறேன்.

போன ஞாயிறு கார் நிறுத்துகிற இடத்தில் அசோசியேஷன் கூட்டம். இந்தக் கட்டடத்துக்கு நிலம் கொடுத்ததற்கு ஈடாகக் கீழ்த்தளத்தில் பாதி வீடுகளை வாங்கிக்கொண்ட ஜெயவேலுதான் செக்ரட்டரி. லிஃப்டில் ஏறாதவன் அதற்கு ஏன் பணம் தரவேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மேலே மூட்டை தூக்கி ஏறித் தவிக்கிற வாடகைக்காரர்களுக்கு ஓட்டே கிடையாது, ஓட்டு உள்ள ஓனர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். லிஃப்ட் வேண்டும் என்று நானும் கை தூக்கினேன். வீடு உங்கள் பேரில் இல்லையே, பையன் பேரில்தானே, அதோடு ஓனர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பே முடிந்துவிட்டது, வேண்டாம் என்றுதான் அதிகம் என்றார்கள். என் பிள்ளை எங்களுக்குத்தானே போட்டிருப்பான் என்று எல்லோர் முன்னாலும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். கூட்டம் கலைந்ததும் ஜெயவேலு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க பையனே வாணாம்னுதாம்மா போட்டுகீறாரு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். ஊரைக் கூட்டிச் சொல்லாமல் விட்டாரே, அந்த மட்டும் நல்ல மனுஷன்.

கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வேலை அவசரத்தில் அழுத்தியிருப்பாய். கோபமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் கோபம் இருக்கிறது. உன் ஓட்டு மாறி விழுந்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்போம், அதுவும் தெரியும். இனி மாற்றிப் போட வழியில்லை, அடுத்த பொதுக்குழு அடுத்த வருஷம்தான். வேறு வீட்டுக்குப் போகலாமென்றாலும் முதலில் அவரை இறக்கவேண்டுமே.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. குளிரில் குழந்தையின் காதை மூடாமல் வெளியே கொண்டுபோகாதே. அப்பா போனில் லிஃப்ட் பேச்சை எடுத்தால், ஓட்டுப் போட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள். மீதியை நான் மாற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "தோத்தா என்ன, எம் பையன் நமக்குத்தான் போட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா சரோஜினி