பேருக்கு மேல் ஒரு வரி

3.7.2006, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கீபோர்டில் மண். துடைத்துத் துடைத்து 'க' வேலை செய்யவில்லை. தலைகீழாகப் பிடித்து இரண்டு தட்டு. சரியாகிவிட்டது.

இன்று முடித்தது: முதல் பக்கம், நிறப் பக்கம், எழுத்துப் பக்கம். பாக்கி: போர்டு, சுவர், லாரி, பில் புக்.

அம்மா நேற்றும் கேட்டாள், "என்னடி வேலை அது, பைப் கம்பெனியில உக்காந்து படம் போடுறியாமே?" சொல்லிப் பார்த்தேன். கம்பெனி பேரை எங்கே எழுதினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதே நீலம், அதே எழுத்து, அதே இடைவெளி. அதற்கு விதிகள் உண்டு. விதிகளை எல்லாம் ஒரு வெப்சைட்டில் போட்டுவிட்டால் டீலர், பெயின்டர், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்யலாம். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். "ஓட்டைப் பைப்பு குடுக்காம இருந்தா போதாதா?"

விதிகள் ஏற்கெனவே புத்தகமாக இருக்கின்றன. சென்னை ஹெட் ஆபீஸ் போட்டது, வழவழ தாள், முழுக்க இங்கிலீஷ். எங்கள் டீலர்களில் ஒருவர் கடையில் அது ஃபேனுக்கு எதிரே பில் பறக்காமல் இருக்க உதவுகிறது. அதைப் பார்த்துத்தான் சந்திரசேகர் சாருக்கு (இங்கே ஃபேக்டரி மேனேஜர், இனி ச.சார்) தமிழில் வெப்சைட் யோசனை வந்தது. என்னை அச்சகத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டதும் அதற்குத்தான். தற்காலிகம். 21ஆம் தேதி ஹெட் ஆபீஸிலிருந்து வைத்தியநாதன் சார் வருகிறார். அவருக்குப் பிடித்தால் சைட் இருக்கும், நானும் இருப்பேன். பிடிக்காவிட்டால் வழவழ புத்தகமே போதும், நான் பழையபடி கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போக வேண்டியதுதான்.

போக எனக்கு விருப்பமில்லை. இந்த வேலை பிடித்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன், வெளியே சொன்னால் கண் படும்.

5.7.2006, புதன்

போர்டு பக்கம். ஒரு விதியில் மாட்டிக்கொண்டேன். கம்பெனி பேரைச் சுற்றி ஓர் எழுத்து உயரத்துக்கு இடம் விட வேண்டும். அதில் எதுவும் வரக் கூடாது. இங்கிலீஷ் புத்தகம் இதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறது, தமிழில் என்ன சொல்வது? வெற்றிடம்: விஞ்ஞானப் பாடம் மாதிரி. காலி இடம்: மனை விற்பனை மாதிரி. ச.சாரிடம் கேட்டேன். "மூச்சு விடுற எடம்னு போடும்மா." நன்றாகத்தான் இருக்கிறது.

பேரைப் பெரிதாக வைத்தேன். மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம், புள்ளிக்கோட்டில். கட்டத்துக்குப் பக்கத்தில்: 'இங்கே எதுவும் எழுதக் கூடாது.' பார்க்க அழகாக வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்தேன்.

வாங்க வேண்டியது: ரப்பர் பேண்ட், அம்மாவுக்கு முட்டி வலித் தைலம், சி.டி. இரண்டு.

7.7.2006, வெள்ளி

ச.சார் போர்டு பக்கத்தைப் பார்த்தார். "டீலருங்களுக்கு இப்பவே குடுத்துரலாம்." வைத்தியநாதன் சார் பார்க்கும் முன்னாலா என்று கேட்டேன். "ஆடி பொறந்துருச்சுன்னா எவன் புது போர்டு மாட்டுவான்? ஆனியிலயே மாட்டினாத்தான் உண்டு. அவரு வர்றப்ப போர்டெல்லாம் ஜோரா தொங்கணும்."

17ஆம் தேதி ஆடி ஒன்று. ஒவ்வொரு டீலருக்கும் போன் போட்டு சைட் முகவரியைச் சொன்னேன். எழுத்தெழுத்தாக. டபிள்யூ மூன்று தடவை என்பதை யாரும் நம்பவில்லை.

உடையார்பாளையம் கலியபெருமாள்: "இருங்க மேடம், பையன கூப்புடுறேன்." பையன் வரவில்லை. "சரி, ப்ரவுசிங் சென்டர்ல சொல்லி பிரின்ட் எடுத்துக்கறேன், வுடுங்க."

லெப்பைக்குடிக்காடு ஜமால் பாய்: "சவுதியில பதினோரு வருசம் கம்ப்யூட்டர் கடைக்கு எதுத்தாப்புலதாம்மா இருந்தேன். சொல்லும்மா, எழுதிக்கறேன்." ஒரே தடவையில் எழுதிக்கொண்டார்.

12.7.2006, புதன்

நீலம் என்னைப் படுத்துகிறது. என் மானிட்டரில் சரியான கம்பெனி நீலம். ச.சார் மானிட்டரில் கத்திரிக்காய். அக்கவுன்ட்ஸ் ரூமில் வெளுத்த நீலம். மூன்றும் ஒரே பக்கம்! மூன்று மானிட்டருக்கும் நடுவே நடந்து நடந்து பார்த்தேன். அக்கவுன்ட்ஸ் அக்கா: "யாரையாச்சும் தொலைச்சுட்டியா?"

கடைசியில் பெயின்ட் கடைக்குப் போய் டப்பா நம்பர் வாங்கி வந்து சைட்டில் அதையே போட்டேன். மானிட்டரை நம்பாதீர்கள், இந்த நம்பரைக் கேட்டு வாங்குங்கள் என்று. வெப்சைட்டே தன்னை நம்பாதே என்று சொல்வது வேடிக்கைதான்.

மதியம் கரண்ட் இல்லை. சேமிக்காமல் போனது லாரிப் பக்கம். அழுகை வரவில்லை, பசி வந்தது.

18.7.2006, செவ்வாய்

புதுப் போர்டுகளைப் போட்டோ எடுக்க ஆபீஸ் கேமராவோடு பஸ் ஏறினேன். அரியலூர் இறங்கி உடையார்பாளையம். நிற்கத்தான் இடம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கேமரா. பக்கத்து அம்மா, "அதை எங்கிட்ட குடு, நான் மடியில வெச்சுக்கறேன்." கொடுத்தேன். இறங்கும் வரை கண்ணை எடுக்கவில்லை.

கலியபெருமாள் கடை போர்டை எதிர்வரிசையிலிருந்தே பார்த்துவிட்டேன். நீலம் சரி! எழுத்து சரி! நடு ரோட்டில் நின்று சிரித்திருக்கிறேன், ஒரு டிவிஎஸ் ஹாரன் அடித்துப் போனது. அப்புறம்தான் மேலே பார்த்தேன்.

'ஸ்ரீ முருகன் துணை.'

எங்கே? என் புள்ளிக்கோட்டுக் கட்டத்துக்குள். அளவெடுத்து. ஒரு நூல் வெளியே வரவில்லை. கட்டத்தையும் விடவில்லை, சுற்றிப் புள்ளி புள்ளியாக மஞ்சளில் வரைந்திருக்கிறார் பெயின்டர்.

கலியபெருமாள் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், குடிக்க முடியவில்லை. அவருக்கு ஏக சந்தோஷம். "வேற கம்பெனிக்காரன் போர்டுல சாமிக்கு எடமே இருக்காது மேடம். நாமளா மூலையில நெருக்கி எழுதணும். ஒங்க ஆளுங்கதான் கட்டம் கட்டி வுட்டிருக்காங்க. எங்க வூட்ல பாத்துட்டு கும்புட்டாங்க."

எதுவும் எழுதக் கூடாது என்று பக்கத்தில் போட்டிருந்தேனே என்றேன். பிரின்டைக் காட்டினார். என் தமிழ் வரிகள் எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்களாக இருந்தன. ப்ரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர், தமிழ் எழுத்து இல்லை. படம் மட்டும் வந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் கோபம். ஜெயங்கொண்டம் ஆள் ஒருவர் தோளில் தூங்கினார், அவர் மேலும் கோபம். அரியலூர் வருவதற்குள் கோபம் போய் வேறொன்று வந்துவிட்டது. சதுரத்தால் நேர்ந்ததுதானா இது? எழுத்து தெரிந்திருந்தால் அந்த இடத்தை விட்டிருப்பாரா?

19.7.2006, புதன்

ஜமால் பாய் கடையில் புதுக் கம்ப்யூட்டர். அதில் தமிழ் எழுத்து தெரியும். அதனால் அங்கே போனேன்.

போர்டு பளபளவென்று. மேல் கட்டத்தில் 786. பச்சையில்.

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னேன். என் வரி தெளிவாக இருந்தது: இங்கே எதுவும் எழுதக் கூடாது.

"படிச்சீங்களா பாய்?"

"படிச்சேம்மா. பெயின்டர்கிட்டயும் படிச்சுக் காட்டுனேன். போன் நம்பர், பைப் சைசு, எங்க வாப்பா பேரு, ஒண்ணும் எழுதக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டேன். பாரு, எழுதலியே."

"786 எழுதியிருக்கே பாய்."

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். "அது இல்லாம எப்படிம்மா போர்டு?"

கேட்ட விதத்தில் கிண்டல் இல்லை, சண்டை இல்லை. சக்கரம் இல்லாமல் சைக்கிள் கேட்டவளைப் பார்ப்பது போல் பார்த்தார். பிரியாணி சாப்பிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆபீஸ் வந்ததும் திருமானூர் டீலர் அந்தோணிசாமிக்கு போன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. "ஆமா மேடம், மரியே வாழ்க. நீங்க வுட்ட எடத்துலதான்."

மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை. மூன்று ஊர், மூன்று சாமி, ஒரே கட்டம். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று இருக்கிறது. பயமும் இருக்கிறது.

ச.சாருக்குப் பயம் மட்டும்தான். "வெள்ளிக்கெழமக்குள்ள அதை மட்டும் நீலத்துல பூசிரச் சொல்லு." உடையார்பாளையம் பெயின்டர் செல்வராசுக்கு நானே பேசினேன். "அம்மா, ஆடி மாசம் முருகன் பேர அழிக்கச் சொல்றீங்க. நல்லா இருக்கா?" என்றார். நல்லா இல்லைதான். போனை வைத்துவிட்டேன்.

20.7.2006, வியாழன்

தலைவலி. சுக்குக் காபி.

ச.சார் சொல்வது: கட்டத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போடு, படத்தோடு சேர்த்து. யார் கம்ப்யூட்டரிலும் வரும். போடலாம். போட்டால் என்ன ஆகும்? கட்டத்துக்கு வெளியே எழுதுவார்கள். பேரின் தலைமேல் ஏறி எழுதுவார்கள். எழுதாமல் மட்டும் இருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணாந்து பார்த்தபடியே நடந்து தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டேன். ஜவுளி, மருந்து, செருப்பு, எலெக்ட்ரிக்கல், எல்லாப் போர்டிலும் மேலே ஒரு வரி. இத்தனை நாள் இந்தத் தெருவில் நடந்தும் கண்ணில் பட்டதே இல்லை. அச்சகத்தில் எத்தனை பத்திரிகை அடித்திருப்பேன்! முதல் வரி சாமி. எந்த வீட்டுக்காரரும் அதைத் தனியாகக் கேட்டதில்லை, நானும் போடாமல் விட்டதில்லை. புத்தகத்து விதியைத் தமிழில் எழுத உட்கார்ந்ததும் அது எனக்கு மறந்தே போயிற்று.

ஒன்று கவனித்தேன். அந்த வரிக்கு அளவே கிடையாது. சில கடையில் கடைப் பேரை விடப் பெரிது, சில கடையில் ஓர் ஆணித் தலைக்கு அடியில் மறைகிற அளவுக்குச் சிறிது. விதி இல்லாததால்தான் அப்படி.

வந்து ஒரு புதுப் பக்கம் செய்தேன். 'மேல் வரி.' உங்கள் விருப்பப்படி ஒரு வரி. கம்பெனி எழுத்தின் உயரத்தில் பாதி. நடுவில். கம்பெனி நீலம் மட்டும், பச்சை மஞ்சள் கூடாது. புள்ளிக்கோடு வரையக் கூடாது. தமிழ் வரிகளையும் படமாகவே வைத்துவிட்டேன், எங்கேயும் சதுரமாகாது.

ச.சார் படித்தார். மூக்கைத் தடவினார். "புக்குலயே இல்லாத ரூலும்மா இது. அவரு கடிச்சு வெச்சிருவாரு."

"எடுத்துரட்டுமா சார்?"

டீ சொன்னார்.

எடுக்கவில்லை. அச்சகத்து அண்ணனுக்கு ஒரு போன் போட்டுவிடலாமா, என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டாரா என்று. வேண்டாம். நாளைக்கு ஆகட்டும்.

21.7.2006, வெள்ளி

லேசான தூறல், புழுதி அடங்கும் அளவுக்கு. நீலப் புடவை கட்டவில்லை, வேண்டுமென்றே என்று நினைத்துவிடுவார்.

வைத்தியநாதன் சார் பதினோரு மணிக்கு வந்தார். கத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். டப்பா நம்பர் போட்டது நல்ல யோசனை என்றார். அடுத்து போர்டு போட்டோக்கள்.

"இது யார் சொல்லிப் போட்டது?"

ச.சார் என்னைப் பார்த்தார். சொன்னேன். கட்டம், சதுரம், ஜமால் பாய், எல்லாம். மேல் வரிப் பக்கத்தையும் திறந்து காட்டினேன். முழுதாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

"பேருக்கு மேல எதுவும் வரக் கூடாதும்மா. புக்குல மொதல் ரூலே அதுதான். டீலர் கேக்கறாங்கன்னு ஒவ்வொண்ணா விட்டுக்குடுத்தா அப்புறம் ரூல் எதுக்கு? இந்தப் பக்கத்தை எடுத்துடுங்க. சைட்டே வேணுமான்னு ஹெட் ஆபீஸ்ல பேசணும்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அச்சகத்து மை வாசனை கூட வந்துவிட்டது. அவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து ஹெட் ஆபீஸுக்குக் குறிப்பு எழுத ஆரம்பித்தார். பேனாவைத் திறந்தார். தாளின் உச்சியில், நடுவில், சின்னதாக ஓர் 'உ'. கீழே இரண்டு கோடு. அதற்கப்புறம் 1 என்று போட்டார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"சார், மேல என்ன சார் போட்டீங்க?"

"எங்க?"

"பேப்பர்ல."

"இதுவா? பிள்ளையார் சுழி. அது இல்லாம எப்படிம்மா ஆரம்பிக்க..."

நிறுத்திவிட்டார். ச.சார் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வைத்தியநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். தாளைப் பார்த்தார். மானிட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"எவ்வளவு உயரம் குடுத்திருக்க அதுக்கு?"

"எழுத்துல பாதி சார்."

"பாதி ஜாஸ்தி. மூணுல ஒண்ணு வை."