பன்னிரண்டு மரை, பதின்மூன்று மரை

3 மார்ச் 1958, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் மன்னிப்பு — இந்த நோட்டிடமா? குழந்தை ஆரோக்கியத்துக்குப் பல் முளைக்கிறது. இப்போதுதான் தூங்கினாள்.

துவைக்க எடுத்த அவர் சட்டைப் பையில் ஐந்து போல்ட்டுகள். பழையவை, கிரீஸ் ஊறியவை, காகிதத்தில் சுற்றியவை. எங்கே வாங்கியது என்று கேட்டேன். "கெடச்சுது" என்றார். கடையில் வாங்கியிருந்தால் வாங்கினேன் என்பாரே. கெடச்சுது என்றால்?

மூன்று மாதமாக வீட்டில் இந்த லாரிப் பேச்சுதான். எட்டு வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர், மிலிட்டரி ஏலத்தில் யுத்தகாலத்து அமெரிக்க லாரி ஒன்றை எடுத்துவிட்டார். வெறும் கூடாக வந்தது. பாதி போல்ட் துரு, மீதி இடங்களில் போல்ட்டே இல்லை. சூரமங்கலத்தில் அப்புசாமி மேஸ்திரியின் ஷெட்டில் நிற்கிறது.

என் அண்ணன் சவரியார் ரயில்வே ஸ்டோரில் கிளார்க். இதை ஏன் இங்கே எழுதினேன்? தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

5 மார்ச், புதன்

வீட்டிலிருந்த போல்ட் டப்பாவை எடுத்துப் போக மேஸ்திரி வந்தார். நாமக்கல்காரர், ஒன்று கேட்டால் பத்து சொல்வார். இன்ஜினிலும் சக்கரக் குடத்திலும், போல்ட் திருகி ஏறும்படி உள்ளே மரை வெட்டிய ஓட்டைகள் இருக்கின்றனவாம். பஜார் போல்ட் அவற்றுக்குச் சேராதாம்.

"பஜார்ல விக்கறது இங்கிலீஷ்காரன் மரைங்க அம்மிணி. நம்ம வண்டி அமெரிக்காக்காரன். மூணு சுத்துப் போவும், அப்பறம் மாமியா ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் நவுராது."

அரை அங்குலம் என்றால் எல்லாம் அரை அங்குலம்தானே என்று, இவர் ஸ்பானரில் குழாயைச் செருகி அழுத்தினாராம். போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டதாம்.

டப்பாவைக் கொடுக்குமுன் இரண்டு வகையிலும் ஒவ்வொன்றை எடுத்துவைத்திருந்தேன்; மேஸ்திரி போனதும் அவற்றைக் காகிதத்தில் வைத்து அழுத்தினேன். ஸ்கேலை வைத்து மரையின் தடங்களை எண்ணினேன். பஜார் போல்ட்டில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு. கெடச்சுது என்றாரே, அதில் பதின்மூன்று. கணக்கில் பி.ஏ. வாங்கியது இதற்காவது உதவியது.

7 மார்ச்

இன்று ஒரு பை நிறையப் பஜார் போல்ட் வாங்கி வந்து கட்டிலடியில் வைத்திருக்கிறார். வண்டிக்குச் சேராது என்று தெரிந்தும். எதற்கு?

12 மார்ச், புதன்

பை காலி. அந்த இடத்தில் கம்பியில் கோத்த பழைய போல்ட்டுகள், பதினொன்று. அவர் சட்டை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக நூல் துணுக்கு. "எங்கே போனீங்க?" என்றேன். "வேலையா" என்றார். சாப்பிட்டார். தூங்கிவிட்டார்.

கை துடைக்கக் கழிவு நூலை மூட்டை மூட்டையாக வைத்திருப்பது எங்கே? ரயில்வேயில்.

யோசிக்க யோசிக்க ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. ஸ்டோரிலிருந்து பழையதை எடுக்கிறார்கள். எடுத்த இடத்தில் பஜார் போல்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். யார் வந்து எண்ணினாலும் எண்ணிக்கை குறையாது. இதைச் செய்ய உள்ளே ஓர் ஆள் வேண்டும். அண்ணன் யார் எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். நான்கு பிள்ளைகள். குவார்ட்டர்ஸ். பிடிபட்டால் ஒரே நாளில் எல்லாம் போகும். இவரும் உள்ளே போவார். நான் கைக்குழந்தையோடு யார் வாசலில் போய் நிற்பது? கடவுளே, ஒரு லாரிக்காகவா?

14 மார்ச், வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேட்டுவிட்டேன். அண்ணி காபி கொண்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணன் கோபப்படவில்லை. "எத்தனை மரை?" என்றார்.

"பதிமூணு."

"எங்க ஸ்டோர்ல இருக்கறது அத்தனையும் இங்கிலீஷ் மரை, பாப்பா. நான் மூட்டையாத் திருடிக் குடுத்தாலும் உன் வீட்டுக்காரர் வண்டியில ஏறாது." பிறகு என்னைப் பார்த்து, "எண்ணிப் பாத்துட்டுத்தானே வந்தே?" என்றார்.

சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.

15 மார்ச்

எண்ணினேன். எண்ணிவிட்டும் அண்ணனைத்தான் சந்தேகித்தேன்.

18 மார்ச், செவ்வாய்

லாரி, பாடி கட்ட நாமக்கல் போய்விட்டது. இவரும் கூடவே. வரப் பதினைந்து நாள் ஆகும். ஷெட்டுக்குப் போய் மேஸ்திரியிடம், அந்த போல்ட்டுகள் எங்கே கிடைத்தன என்று கேட்டேன்.

"அம்மாபேட்டை சென்னியம்மா ஊட்டுல இருந்துங்க. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" கேட்டுவிட்டு, கையிலிருந்த ஸ்பானரை ரொம்ப அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரு பெண் பெயர். இப்போது வந்த சந்தேகத்தை இங்கே எழுத மாட்டேன்.

20 மார்ச், வியாழன்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மாபேட்டைக்கு டவுன் பஸ் ஏறினேன்.

முன்கட்டில் இரண்டு தறி. தரையெல்லாம் சிவப்பும் பச்சையுமாக நூல் துணுக்கு. வாசலில் நின்றபோதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

சென்னியம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பேச்சு. சூசைமாணிக்கத்தின் மனைவி என்றதும் குழந்தையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் அழைத்துப் போனார். வேப்பமரத்தடியில் எங்கள் வண்டிக்குக் கூடப்பிறந்தது போல ஒரு லாரி. முன்பக்கம் நசுங்கியிருந்தது. உடம்பெல்லாம் துரு, நடுநடுவே புத்தம்புது பஜார் போல்ட்டுகளின் தலை. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. மூன்று சுற்றுதான் போயிருக்கும். நிற்கிற வண்டிக்கு அது போதும்.

"எடுத்த எடத்துல ஒண்ணு வெச்சிரோணும்னு சொல்லிப்போட்டனுங்க. எங்கூட்டுக்காரர் வண்டி ஓட்டையும் சந்துமா நிக்கக் கூடாது. மொதல்ல உங்காளு மேல நம்பிக்கை இல்லீங்க. பொதங்கெளம வந்தா வண்டிக்கடியிலயே படுத்துக் கெடப்பாரு, நான் பக்கத்துலயே உக்காந்து எண்ணுவேன். ஒரு டம்ளர் மோரு குடுத்தாக்கூட வேண்டாம்பாரு."

ஏன் என்னிடம் மறைத்தார் என்று கேட்டேன்.

"செத்தவன் வண்டிச் சாமான்னா எங்கூட்டுல பயந்துக்குவாங்கன்னாரு."

பயந்துதான் போனேன். எது கழன்றது, எந்த போல்ட் விட்டது என்று கேட்டேன். சென்னியம்மாள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஒண்ணும் உடலீங்க சாமி. எல்லாம் கெட்டியாத்தான் இருந்துது. மதராஸ் போயி லோடு எறக்கி, கையோட திரும்பி வந்தாரு, ரெண்டு ராத்திரி கண்ணு மூடலை. ஆத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம். தூங்கிப்போட்டாரு."

23 மார்ச், ஞாயிறு

இது உங்களுக்கு.

மேஸ்திரி நாளைக் காலையில் நாமக்கல் வருகிறார். அவர் கையில் இந்த நோட்டையே கொடுத்து அனுப்புகிறேன். இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து அனுப்பலாம் என்று பார்த்தேன். அப்படி அனுப்பினால் என் புத்தி போன வழி உங்களுக்குத் தெரியாது. முதலிலிருந்து படியுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

இன்று பூசை முடிந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். குழந்தையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்துவிட்டார். அது நான் செய்தது, நான்தான் சரிசெய்ய வேண்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டாம்.

சென்னியம்மாள் வீட்டு போல்ட் நம் வண்டியிலேயே இருக்கட்டும். இனி அதைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் சாமியார் வண்டியை மந்திரித்ததும் ஜவ்வரிசி மூட்டையோடு மதராஸ் புறப்படுகிறீர்கள். சொந்த வண்டி. நில் என்று சொல்ல முதலாளி இல்லை. உங்களை எனக்குத் தெரியும், ஒரு லோடு இறக்கினால் அடுத்த லோடு ஏற்றாமல் திரும்ப மாட்டீர்கள்.

நேரில் கேட்டால் சிரிப்பீர்கள். நான் அழுவேன். பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதனால் எழுதிக் கேட்கிறேன். போகும்போது எந்த ஊரில் வண்டியை நிறுத்தித் தூங்குவீர்கள், வரும்போது எந்த ஊரில்? ஊர்ப் பெயரோடு இதன் கீழேயே எழுதுங்கள். மேஸ்திரி புதன்கிழமை திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இசபெல்லா