தூங்குமூஞ்சியின் பாதி

அண்ணா,

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க நீ கேட்ட வி.பி.என்னை லேப்டாப்பில் போட்டுவிட்டேன். உன் பாதியில் இருக்கும் விண்டோஸில் மட்டும் போட்டால் போதும். என் பாதியில் இருக்கும் லினக்ஸை அழிக்கவே தேவையில்லை. "உன் குப்பையைத் தூக்கிப் போட்டாத்தான் எனக்கு வேலை நடக்கும்"னு நேற்று கத்தினாயே! அந்தக் குப்பையில்தான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ வாசித்துப் பதிவு செய்த பனிநாட்டுக் கதை இருக்கிறது. அதில் வரும் கரடிக்கு நீ கொடுத்த குரலும்.

முன்பு யாருக்கு லேப்டாப் என்று நாம் அடித்துக்கொண்டது பொறுக்காமல் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, நீதான் உனக்கு விண்டோஸ், எனக்கு லினக்ஸ் என்று இதை இரண்டாகப் பிரித்தாய். திறந்ததும் வரும் பட்டியலில் என் பாதிக்குக் 'குட்டிப்பிசாசு' என்று பெயர் வைத்தாய். உன் பாதிக்கு நான் 'தூங்குமூஞ்சி' என்று வைத்தேன். பத்து நொடி எதையும் தொடாவிட்டால் என் பாதி திறக்கும்படியும் செய்துகொண்டேன். எத்தனை நாள் அதற்காக என்னைத் துரத்தியிருக்கிறாய்!

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடு.

பி.கு.: ஆபீஸ் பாஸ்வேர்டை நீயே போட்டுக்கொள்.

இன்னொன்று: பட்டியலை மாற்றிவிட்டேன். இனிமேல் சும்மா உட்கார்ந்திருந்தால் தூங்குமூஞ்சிதான் திறக்கும். கரடி மட்டும் என் பாதியிலேயே இருக்கட்டும்டா.