டடா வாசித்துக் கையெழுத்து வைத்த தாள்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மகள் சாமினிக்கு,

அந்தோனியாரின் கிருபையால் மம்மியும் நானும் சுகம். கனடாவில் நீயும் மருமகன் றெஜியும் குட்டிப் பேரனும் எங்களைவிட இரண்டு மடங்கு சுகமாக இருக்க வேண்டுமென்று செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்துகிறோம். இனி, உலகத்தில் ஒருவரும் நம்பாத கதையொன்றைச் சொல்லப் போகிறேன் என்று வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். போனில் சொல்லலாம், ஆனால் மம்மி பக்கத்திலேயே நிற்பாள்.

முகத்துவாரத்து ரொனியை உனக்குத் தெரியும், நமக்கு மீன் கொண்டுவருகிறவன். ஒரு படகு எஞ்சினைக் கொண்டுவந்து, அங்கிள் இரண்டு நாளைக்கு வைத்திருங்கோ என்றான். படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். கப்பலுக்குப் பூட்டுகிற அளவு எஞ்சின், மகள், வீடே ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அது களவெடுத்த எஞ்சினாம். மூன்றாம் நாள் இருநூறு பொலிஸ் வந்து, மேலே ஹெலிகொப்டர் வட்டமிட, உன் டடாவை நாடாண்ட மன்னனைப் போல ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ரொனியை ஆளையே காணோம். ஸ்டேஷனில் சார்ஜன்ட், சிங்களம் தெரியுமா, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடவா என்று கேட்டார். எனக்கா? தெருவில் யாருக்கு எந்த ஒஃபிஸில் அலுவல் என்றாலும் முன்னால் நின்று கதைக்கிற றேமண்டுக்கா? சிங்கள அரசர்கள் என்னிடம் ட்யூஷன் எடுத்தவர்கள் என்று சொல்லாத குறையாக, தேவையில்லை மஹத்தயா என்றேன். அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் சிங்களத்தில் இரண்டு பக்கம் எழுதினார், வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைக்கச் சொல்லித் தந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீதவானைப் போலத் தலையாட்டித் தலையாட்டி வாசித்தேன். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள், "அங்கிள், மே பெத்த," இந்தப் பக்கம் என்று தாளை மெதுவாகத் திருப்பி நேராகப் பிடித்துத் தந்தான். அதற்கும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்தைப் போட்டேன்.

அடுத்த நாள் நீதிமன்றத்தில் பிணையில் விட்டார்கள். வாசலில் ஒரு தரகன் ஒட்டிக்கொண்டான், குற்றத்தை ஒத்துக்கொண்டால் பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம் அங்கிள் என்று. நான் ஓம் என்றிருப்பேன், மம்மி விடவில்லை, பம்பலப்பிட்டிக்கு லோயர் ஹம்சிகாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். உன் வயதுப் பிள்ளைதான். களவுப் பொருள் என்று தெரிந்தே வைத்திருந்ததாக நானே சொல்லிக் கையெழுத்து வைத்தேன் என்று பொலிஸ் அறிக்கையில் இருக்கிறதாம். நான் அப்படிச் சொல்லவேயில்லை, மகள். ஹம்சிகாவோ, அந்தத் தாளை மட்டும் வைத்து உங்களைக் குற்றவாளியாக்க ஏலாது, நீங்களாகப் போய் ஒத்துக்கொண்டால் என்னாலும் காப்பாற்ற ஏலாது, கனடா விசாவையும் பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போவதையும் மறந்துவிடுங்கோ என்றாள். வாசித்துத்தானே கையெழுத்து வைத்தீர்கள் என்றும் கேட்டாள். மம்மி என் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த ஓமைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். வெள்ளிக்கிழமை, தேசிக்காய் வாங்கப் போகிறேன் என்று மம்மியிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் பம்பலப்பிட்டிக்கு, ஹம்சிகாவிடம் போனேன். "பிள்ளை, எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் தெரியும், பஸ்ஸைக்கூட நம்பர் பார்த்துத்தான் ஏறுறனான்," என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, பேனையை எடுத்து எழுதிக்கொண்டாள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேணும், நீதிமன்றத்தில் எல்லாருக்கும் முன்னால் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டிவரும் என்றாள். நாற்பது வருஷமாக என்னை ஒஃபிஸ் ஒஃபிஸாக முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்று ரசித்தவள் மம்மி. அந்த மண்டபத்தில் பின்வரிசை வாங்கில் இருந்து அவள் இதைக் கேட்பதுதான் எனக்குப் பயம், ஜெயில் அல்ல.

ஒன்பதாம் திகதி வழக்கு. அதற்கு முன் மம்மியிடம் சொல்லிவிடுவேன், எனக்காக மன்றாடு. எங்கள் விசா ஃபோர்மில் வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, டடா மேல் உள்ள பாசத்தில் "இல்லை" என்று நிரப்பி அனுப்பிவிடாதே, ஹம்சிகாவுக்குப் போன் எடுத்துக் கேட்டு நிரப்பு. வீறாப்பில் தாளில் கையெழுத்து வைத்தவன் இந்தக் குடும்பத்துக்கு ஒருவன் போதும். பேரனின் நெற்றியில் என் சார்பில் சிலுவை போட்டுவிடு. மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் டடா றேமண்ட்

பி.கு: இருநூறு பொலிஸ் என்றது இரண்டு பேர். ஹெலிகொப்டர் வரவில்லை. எஞ்சினை ரொனி தனியாளாகத் தோளில் தூக்கிவந்தான். ஆனால் நீ சிரித்துவிட்டுக் கடந்துபோயிருப்பாயே, அது மட்டும் உண்மை: தாளை நான் தலைகீழாகத்தான் பிடித்திருந்தேன். ஹம்சிகாவிடம்கூட அதை இன்னும் சொல்லவில்லை. பார்த்த ஒரே சாட்சி அந்தக் கொன்ஸ்டபிள்தான். நாளைக்குப் போய் அவளிடம் சொல்ல வேண்டும்.