சத்தமில்லாத சட்டை

மார்ச் 3, திங்கள்

ஸ்டுடியோவில் கேமரா மாட்டிவிட்டார்கள். மைக்குக்கு மேலே, என் நெற்றிக்கு நேராக. இத்தனை வருடம் வானொலியில் செய்தி வாசித்தவனுக்கு முகம் என்று ஒன்று இருப்பது இன்றுதான் அலுவலகத்துக்கு ஞாபகம் வந்திருக்கிறது. "இனிமே நேயர்கள் உங்களை ஃபோன்ல பார்க்கவும் செய்வாங்க சார்" என்றார் புது மேலாளர். இந்த மாதம் வெள்ளோட்டம். திரைக்கு ஒத்துவராதவர்களுக்குக் கிடங்கில் வேலை இருக்கிறதாம், பழைய ஒலிநாடாக்களைத் தூசி தட்டி அடுக்கும் வேலை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கால் தானாகத் துணிக்கடைக்குப் போனது. பயம் வந்தால் எனக்குச் சட்டை வாங்கியாக வேண்டும். வீட்டுக்காரி பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நீலம், நீலம், நீலம். பாதியில் விலைச்சீட்டுகூடப் பிரிக்கவில்லை.

"கடையில சட்டையைக் காதுகிட்ட வச்சு கசக்கிப் பாக்குற ஒரே மனுஷன் நீங்கதான். கண்ணு எதுக்குங்க இருக்கு?"

வானொலிக்காரன் அப்படித்தான். மைக்குக்கு முன்னால் சரசரக்கிற துணி ஆகாது. அந்தக் கடையில் அந்த ஒரு நீலத்துணிதான் வாயை மூடிக்கொண்டிருக்கும். இதை இவளுக்கு எத்தனை தடவை சொல்வது!

மார்ச் 4, செவ்வாய்

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி ஒரு துணியும் வாங்குவதில்லை என்று மகளிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. "இருக்கிறதை வச்சே அசத்திடலாம்பா" என்கிறாள்.

எதை வைத்து? நீலத்தையா?

மார்ச் 6, வியாழன்

முதல் நாள் ஒளிபரப்பு. வாசித்து முடித்ததும் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நீலச் சட்டை செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. பின்னால் சுவரும் நீலம்.

"குரல் பிரமாதம் சார். ஆனா ஏதாவது புதுசா பண்ணுங்களேன்" என்றார் மேலாளர். என்ன பண்ணுவது? ஐம்பத்திரண்டு வயதில் எதைப் புதுசாகப் பண்ணுவது?

வானிலை வாசிக்கிற பெண்ணின் பதிவும் பார்த்தேன். கழுத்தில் பச்சைத் துணி ஒன்றைச் சும்மா சுற்றியிருக்கிறாள். அவ்வளவுதான். அவள் சொன்னால் மழை வந்துவிடும்போல் இருந்தது.

மார்ச் 8, சனி

பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மகளின் யோசனை. "நாலு பேர் எப்படிப் போடுறாங்கன்னு பாருங்கப்பா, அதுக்குக் காசா பணமா?"

பார்த்தேன். ஊரே என்னைவிட நன்றாக உடுத்துகிறது. ஒருவர் வெளுத்துப்போன அரக்குச் சட்டையின் கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்து, மேலே கடுகு நிறத்தில் ஒரு கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருந்தார். இரண்டும் பழசு. இரண்டும் சேர்ந்தபோது ஏதோ ஓர் அழகு. கண்ணை எடுக்க முடியவில்லை.

"என்ன சார், அப்படிப் பாக்குறீங்க?"

"இல்ல... உங்க காலர்..."

"ஏன், கிழிஞ்சிருக்கா?"

பதறிப்போய்க் காலரைத் தடவிக்கொண்டே அடுத்த பேருந்தில் ஏறிவிட்டார். பாவம், அது அவர் போக வேண்டிய பேருந்துதானா என்றுகூடத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மகள் அலமாரியைக் கட்டில்மேல் கொட்டிவிட்டாள். மச்சான் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை போட்ட கறுப்புக் கோட்டு கிடைத்தது. கையில்லாதது, உள்ளே வழவழவென்று பட்டு. அதற்குள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இடுப்பில் அகலமான தோல் பெல்ட். கண்ணாடியில் நின்ற ஆளுக்கு வணக்கம் சொல்லத் தோன்றியது.

"அப்பா, சும்மா ஜம்முனு இருக்கீங்க."

வெகுநாள் கழித்துச் சந்தோஷமாக இருந்தேன். இதில் எங்கேயோ இடிக்கப்போகிறது என்று மனசு அடித்துக்கொண்டதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

இடித்தது.

கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாளைத் திருப்பினால் கஞ்சிச் சட்டை மொடமொட. மூச்சை இழுத்தால் கோட்டுப் பட்டு கீச்சு. குனிந்தால் பெல்ட் முனகல். கண்ணாடி அறைக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் — அவரை எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம் — ஹெட்ஃபோனைப் பிடித்துக்கொண்டு துடிப்பது தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது. வேர்த்ததும் அசைந்தேன். அசைந்ததும் இன்னும் சத்தம். அணை நிலவரத்தில் தடுமாறினேன். என் வாழ்க்கையில் நான் அணையில் தடுமாறியதில்லை.

செய்தி முடிவதற்குள் தொலைபேசி. "நியூஸ் நடுவுல யாரோ பொட்டலம் பிரிக்கிறாங்க, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

காது வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே, உங்களுக்கா இப்படி? மத்தவங்களுக்குச் சத்தமில்லாத துணி பாத்துச் சொல்றதே நீங்கதானே."

அதுதான். எனக்கா இப்படி? கண்ணைப் பற்றியே நினைத்து நினைத்துக் காதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

மேலாளர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம் சார். சரிவரலேன்னா ஆறரை மணிச் செய்தியை வானிலைப் பொண்ணுகிட்ட கொடுத்துடலாம். நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கும்."

ரெஸ்ட்டாம். யாருய்யா கேட்டா ரெஸ்ட்டு? ஆறரை மணிக்கு அந்தச் சிவப்பு விளக்கு எரியலேன்னா நான் என்ன பண்ணுவேன்? நாள் பூரா அந்த ஒரு நேரத்துக்குத்தானே தொண்டையைப் பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்! குளிர்ந்த தண்ணிகூடக் குடிக்கிறதில்லையே!

திரும்பி வருகிற வழியில் கடை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. எப்படிப் போகாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். கைக்கு வந்ததை எடுத்துக் காதோரம் வைத்துக் கசக்கினேன். சத்தம் போட்டது ஒரு பக்கம், போடாதது மறுபக்கம். அலமாரி முடிந்ததும் கொடிக்குப் போனேன், அப்புறம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதற்கும்.

கண்ணைத் திறந்தால், சத்தமில்லாத பக்கத்தில் நீலங்களைத் தவிர மிச்சமெல்லாம் வீட்டில் போடுகிற உருப்படிகள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அரக்குச் சட்டை. எத்தனை வருடமாகக் கிடக்கிறதோ! மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுக்காரி பின்னித் தந்த கடுகு நிற ஸ்வெட்டர்.

அரக்கும் கடுகும். பேருந்து நிறுத்தத்து மனிதர்! அவரைப் பார்த்து வாயைப் பிளந்த நேரமெல்லாம் அது என் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"வீட்டுச் சட்டையிலயா ஊருக்கு முன்னாடி உக்காரப் போறீங்க?" என்று வீட்டுக்காரி தலையில் கை வைத்தாள். போட்டுக்கொண்டு கையை இரண்டு மடிப்பு மடித்தேன். சட்டையின் உட்பக்கம் இன்னும் வெளுக்கவில்லை, மடிப்பு மட்டும் பளிச்சென்றிருந்தது. அவள் சுற்றி வந்து பார்த்தாள். ஸ்வெட்டரில் பிரிந்திருந்த நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள். திட்டவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

எல்லோரும் சட்டையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை என்றும் தோன்றியது. முன்னதாகவே போய் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். காது அந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார்; என் பக்கமிருந்து ஒரு சரசரப்புகூட அவருக்குக் கேட்கவில்லை போலும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணன் இன்னும் வரலையா? யாராவது கூப்பிடுங்கப்பா."

"வந்துட்டேன்" என்றேன் மைக்கில். தூக்கிவாரிப் போட்டது மனுஷனுக்கு.

சிவப்பு விளக்கு. அதன் பிறகு சட்டை ஞாபகமே வரவில்லை. அணை நிலவரம் தண்ணீர் மாதிரி போனது.

மேலாளர் நடைக்கூடத்தில் பிடித்துக்கொண்டார். "சட்டை நல்லா இருக்கே சார், புதுசா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முடிவு எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

மேலாளர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. துணிக்கடையில் தள்ளுபடியாம். எதிர்ச்சாரியில் நடந்தேன்.

மார்ச் 31, திங்கள்

அடுத்த மாத அட்டவணையை ஒட்டிவிட்டார்கள். ஆறரை மணி: நான். சந்தேகமாக இருந்ததால் திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

அரக்குச் சட்டை இப்போது அலுவலகச் சட்டை. அலமாரியில் கோட்டுக்குப் பக்கத்தில் மரியாதையாகத் தொங்குகிறது, வீட்டில் தொடக்கூடாது என்று வீட்டுக்காரி உத்தரவு. வீட்டில் போட ஒன்றும் இல்லை. வாங்கவும் முடியாது, வாக்கு இருக்கிறது. நீலத்தில் ஒன்றை எடுத்து, விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டு, மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

வீட்டுக்காரி அடுப்பிலிருந்து திரும்பி, மேலும் கீழும் பார்த்தாள்.

"யார் சார் வேணும்? அவர் இன்னும் ஆபீஸ்ல இருந்து வரலையே."