மாமாவின் ஏழாவது சிடி

மார்ச் 3, செவ்வாய்

ஆபீசில் ஆண்டு அறிக்கை. மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருவன் பார்த்தேன், வழக்கம்போல. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அது ஒன்றுதான் இன்றைய லாபம்.

வீட்டுக்கு வந்தால் மாமா கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "அப்பாவோட சிடி ஓடலியாம், கொஞ்சம் பாருங்க" என்றாள் என் மனைவி. பார்வை போன பிறகு இந்தக் கதை சிடிகள்தான் அவருக்குப் பொழுது. பார்வையற்றோர் நூலகம் தபாலில் அனுப்புகிறது. இப்போது கேட்பது ஒன்பது சிடி உள்ள நாவல். ஏழாவதில் நிற்கிறது.

எது எத்தனையாவது என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே என்று துணிப் பிளாஸ்திரியைக் குட்டிக் குட்டிச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். முதலாவதற்கு ஒன்று, ஏழாவதற்கு ஏழு. அன்றிலிருந்து யாரையும் கூப்பிடாமல் அவரே எடுத்து, தடவிப் பார்த்து, போட்டுக் கேட்கிறார். ஆபீசில்கூட இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஏழாவதைப் போட்டேன். கொஞ்சம் சுற்றியது, நின்றது, சிடியைப் போடச் சொன்னது. போட்டுத்தானே இருக்கிறேன், சனியனே. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 4, புதன்

பார்க்கவில்லை. தலைவலி.

மார்ச் 6, வெள்ளி

இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு சிடி போட்டேன், அதுவும் ஓடவில்லை. பழைய பாட்டு சிடி, அதுவும் இல்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். லென்ஸ் துடைக்கிற சிடி ஒன்று, சின்ன பிரஷ் வைத்தது, வாங்கி வந்து போட்டேன். அதையும் சாப்பிட்டு ஏப்பம் விட்டு வெளியே தள்ளிவிட்டது.

மாமா பின்னால் நாற்காலியில் இருந்தார். முப்பது வருஷம் தையல் மிஷின் ரிப்பேர் பார்த்தவர், காது கூர்மை. "ஏதோ ஒட்டிக்கிட்டு உரசுற மாதிரி சத்தம் கேக்குது மாப்பிள்ளை" என்றார்.

"இது தையல் மிஷின் இல்ல மாமா" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. வேலையில் இருந்ததால் நானும் கவனிக்கவில்லை. கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

மச்சான் வந்திருந்தான், இவளுடைய தம்பி. வந்ததும் வராததுமாக, "என்ன அத்தான், நீங்க பெரிய கம்ப்யூட்டர் புலியாச்சே, ஒரு சிடியை ஓட வைக்க முடியலியா?" என்று சிரித்தான். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. மாமா பக்கம் திரும்பி, "கண்ணு தெரியாம கண்டதையும் உள்ள தள்ளினா நான் என்ன பண்றது? இனிமே யாரையும் கேக்காம அதைத் தொடாதீங்க" என்றேன்.

கண்ணு தெரியாம. அதையா சொன்னேன்? அதைத்தான் சொன்னேன்.

கூடத்தில் மச்சான் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமா மட்டும், "இருக்கலாம் மாப்பிள்ளை, தெரியாம எதையாவது பண்ணியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார். இந்த வீட்டில் அவர் சுவரைப் பிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

இவள் என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வருகிறது.

என் பக்கமும் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த சிடி டிரைவை வேறு யார் தொடுகிறார்கள்? கெடுவதற்கு முன்னால் நான் தொட்டு மாசக்கணக்காகியிருந்தது. அப்படியானால் அவர்தானே? சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் தப்பில்லை. இதை நாலு தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். நாலாவது தடவையும் தேறவில்லை.

மார்ச் 11, புதன்

டிரைவைக் கழற்றி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் பெண் வரும் நாள். சாப்பாட்டு இடைவேளையில், என் மேஜையில் வைத்தே திறந்தாள். சுற்றிலும் நாலைந்து பேர் வேடிக்கை.

மூடியை எடுத்ததும் சிரித்துவிட்டாள். லென்ஸ் மேலேயே உட்கார்ந்திருந்தது, குட்டிச் சதுரமாக ஒரு பிளாஸ்திரித் துண்டு. என் கத்தரிக்கோல் வெட்டு. எனக்குத் தெரியாதா?

"சிடி உள்ள என்ன வேகத்துல சுத்தும் தெரியுமா சார்? ஒரு பக்கமா இப்படி ஒட்டினா ஆடும், பிச்சுக்கிட்டுப் பறக்கும். யாரு சார் இந்த வைத்தியம் பண்ணினது?"

"எங்க மாமனார்" என்றேன்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பட்டென்று வந்தது. "பெரியவங்க கையில கொடுத்தா இப்படித்தான் சார்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனாலும் சிரித்தேன். நான் ஒட்டியதாகப் பெருமையடித்துக்கொண்டதை அங்கே ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்காதா? இருந்தால் இன்னும் கேவலம்.

மார்ச் 12, வியாழன்

வீட்டில் சொல்லவில்லை. டிரைவ் பைக்குள்ளேயே இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

மாட்டினேன். எல்லா சிடியிலிருந்தும் பிளாஸ்திரியை உரித்துப் பசையைத் துடைத்தேன். ஏழாவது ஜம்மென்று ஓடியது. "என்னவாம் கோளாறு?" என்றாள் இவள், ஐந்து நாளில் முதல் கேள்வி. "தூசி" என்றேன்.

மாமாவிடம் போய், சரியாகிவிட்டது, வந்து கேளுங்கள் என்றேன். "வேணாம் மாப்பிள்ளை. லைப்ரரிக்குத் திருப்பி அனுப்பிடச் சொல்லுங்க. ரேடியோ போதும் எனக்கு."

இன்னும் மூன்று சிடிக் கதை பாக்கி. அதை விட்டுவிடுகிறேன் என்கிறார், என் முகத்தைக் கோணவைக்காமல்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

மச்சானை வரச் சொன்னேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் முன்னால் பேசியதை அவன் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது ஆரம்பித்தேன். "மாமா, டிரைவைக் கெடுத்தது நான்தான். நான் ஒட்டின பிளாஸ்திரி பிஞ்சு உள்ள விழுந்திருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல. ஆபீஸ்ல யார் ஒட்டினதுன்னு கேட்டப்பவும் உங்க பேரைத்தான் சொன்னேன். தூசின்னு இவகிட்ட சொன்னதும் பொய்."

கடைசி இரண்டையும் யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

மாமா தலையைத் தடவிக்கொண்டார். "ஏழாவதுல ஒரு துண்டு கொறையுதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்பிள்ளை. தடவினப்ப ஆறுதான் இருந்துச்சு."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"நீங்க எனக்காக உக்காந்து ஒட்டினது. என் மவன் எதிர்ல அதாலதான் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் அவரை விட்டுக்கொடுத்தேன், அதே கூடத்தில், அதே நேரத்தில் அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சிடுங்க மாமா என்றேன். "அட, விடுங்க" என்றார். மச்சான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். இவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் குறைந்த மாதிரி தெரியவில்லை. குறைய வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 18, புதன்

டெக்னீஷியன் பெண்ணிடம் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நான்தான் ஒட்டினேன்மா, எங்க மாமனார் இல்ல." அவள் எதைச் சொல்கிறேன் என்றே முதலில் புரியாமல் விழித்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

கேட்க ஆரம்பித்திருக்கிறார். சிடிகளை இப்போது உறைகளில் போட்டு, உறைமேல் முடிச்சுப் போட்ட நூல் கட்டியிருக்கிறோம். அவர் யோசனை.

ஆனால் ஒவ்வொரு தடவையும், "போடலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார். நான் குளித்துக்கொண்டிருந்தால் வரும்வரை காத்திருக்கிறார். கேக்க வேணாம் மாமா என்று எத்தனை தடவைதான் சொல்வது? சரி சரி என்கிறார், மறுபடி கேட்கிறார். அன்று கேட்டுத் தொடச் சொன்னேனே, அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். திட்டினால்கூடத் தேவலை. இந்த மரியாதை தாங்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது மாமாவின் கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது சிடி. இவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள், வீட்டில் வேறு யாருமில்லை. அவரே போட்டிருக்கிறார்.

உள்ளே போய், "சரியா ஓடுதா மாமா?" என்றேன். தலையை ஆட்டினார். "சத்தம் எதுவும் வரலியே?" கையால் சும்மா இரு என்பதுபோல் காட்டினார். நான் விடவில்லை. "ஏதாச்சும் உரசினா சொல்லுங்க—"

"அட, கடைசிக் கட்டத்துல வந்து நின்னுக்கிட்டு தொணதொணன்னு. அவன் என்ன சொன்னான்னே கேக்க விடல. போங்க அந்தப் பக்கம், கதவைச் சாத்திட்டுப் போங்க."

எட்டு வருஷத்தில் மாமா என்னிடம் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. கதவைச் சாத்திவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். துணி மூட்டையோடு வந்த இவள், ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"உங்கப்பா திட்டிட்டார்" என்றேன். சொல்லும்போது கண் கலங்கியது. அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.